பினாங்கு மலைக்காடுகள்: வெள்ளிக்காசு முதல் வெள்ளம் வரை

தைப்பூசம் வந்துவிட்டால், கெடா, பேராக், செபராங் பிறைத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்கள் பினாங்குத் தீவை நோக்கிப் புறப்படுவது வழக்கம். பட்டர்வொர்த்தில் படகேறி, ஜார்ஜ் டவுனில் இறங்கி, வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய் உடைத்து, பிறகு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மலைப் படிகளில் ஏறுகிறோம். தண்ணீர்மலை என்ற பெயரை எந்த அரசாங்கமும் வைக்கவில்லை. நம் முன்னோர் கண்ணால் கண்டதைப் பெயராகச் சொன்னார்கள். அங்கே மலையிலிருந்து அருவி விழுந்தது. ஜார்ஜ் டவுன் மக்களுக்கும், துறைமுகத்திற்கு வந்த கப்பல்களுக்கும் அந்த அருவி நீர் தாகம் தீர்த்தது.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? மழையிலிருந்து என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் மழை சில மணி நேரமே பெய்கிறது. அருவியோ மழையில்லாத நாளிலும் ஓடுகிறது. இடையில் அந்த நீரை யார் வைத்திருந்தார்கள்? காடு வைத்திருந்தது. மரங்களின் இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. தரையில் கிடக்கும் சருகும் மட்கும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டு, நீர் உள்ளே இறங்க வழி விடுகின்றன. பினாங்கு மலைகள் கருங்கல் மலைகள். அந்தக் கல்லின் மேல் போர்வை போலக் கிடக்கும் மண், மரம் போய்விட்டால் மழையோடு இறங்கி வந்துவிடும். அப்போது மழைக்காலத்தில் சேறும் கோடையில் வறட்சியுமாக ஒரே மலை நமக்கு இரண்டு துன்பங்களைத் தருகிறது.

இந்த மலைக்காட்டை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள், எப்போது அது குற்றமாயிற்று என்பதை இன்று காண்போம். இது மரங்களின் கதை மட்டுமன்று. தோட்டத் தொழிலாளர்களாகிய நம்முடைய கதையும் இதற்குள் இருக்கிறது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் என்பவர் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். இன்று கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கும் கடல்முனை அப்போது அடர்ந்த காடு. பெனாகா மரங்கள் மிகுந்திருந்ததால் அதற்குத் தஞ்சோங் பெனாகா என்று பெயர். மரங்கள் மிகக் கடினமானவை. வெட்டும் கருவிகள் கெட்டுப்போகின்றன என்று லைட்டே குறித்து வைத்தார். அவரைப் பற்றி ஒரு கதை இன்றும் வழங்குகிறது. பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுடச் செய்தாராம். காசைப் பொறுக்கும் ஆசையில் ஆட்கள் மரங்களையும் புதர்களையும் வெட்டிக்கொண்டே உள்ளே போனார்களாம். கதை மெய்யோ பொய்யோ, அன்றைய கொள்கையை அது நன்றாகக் காட்டுகிறது. காட்டை வெட்டித் திருத்துபவருக்கே நிலம் என்பது லைட் வந்து குடியேறியவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அன்று காடு வெட்டுவது குற்றமன்று, பரிசுக்குரிய செயல்.

நிலம் கிடைத்தவர்கள் முதலில் நாடிய பயிர் மிளகு. சீனர்களின் தலைவராயிருந்த கப்பித்தான் கோ லே ஹுவான் சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து மிளகுக் கொடிகளைக் கொண்டுவர உதவினார். 1790ஆம் ஆண்டுக்குப் பின் மிளகுத் தோட்டங்கள் சமவெளியைத் தாண்டிப் பரவின. ஐரோப்பாவில் மிளகுக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. ஆனால் நெப்போலியன் போர்களால் ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டபோது விலை சரிந்தது. பினாங்கில் கொடி காய்த்துக்கொண்டுதான் இருந்தது; வாங்குவார்தான் இல்லை. தோட்டங்கள் கைவிடப்பட்டன. வெட்டிய காடு மட்டும் திரும்பி வரவில்லை.

அடுத்து வந்தவை ஜாதிக்காயும் கிராம்பும். கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் என்பவர் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பினாங்கிற்கு அனுப்பி வைத்தார். அவற்றுக்கென ஆயர் ஈத்தாம் பகுதியில் அரசாங்கத் தோட்டமே அமைந்தது. ஜாதிக்காய் மரம் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே தொடக்கத்தில் ஆர்வம் குறைவாயிருந்தது. பிறகு விலை ஏறியதும் ஆர்வமும் ஏறியது. 1830 முதல் 1860 வரை தீவின் சரிவுகளில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் மேலே மேலே ஏறின. 1860ஆம் ஆண்டளவில் மரங்களை ஒரு நோய் தாக்கியது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான தோட்டங்கள் பட்டுப்போயின. செல்வர்கள் பலர் கடனாளிகளாயினர். பாலிக் பூலாவ் பக்கம் இன்று நாம் காணும் ஜாதிக்காய் மரங்கள் அந்தப் பழைய பெருமையின் மிச்சம்.

இங்கே ஒரு முறை திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்க வேண்டும். தொலைதூர நாட்டில் ஒரு பொருளுக்கு விலை ஏறுகிறது. உடனே இங்கே ஒரு சரிவில் மரம் விழுகிறது. பிறகு விலை விழுகிறது, அல்லது நோய் வருகிறது. முதலாளி வேறு பயிருக்குப் போகிறார். மலை வெறுமையாக நிற்கிறது. மிளகில் தொடங்கிய இந்த முறை இன்றும் நின்றபாடில்லை.

இதை அன்றே கண்டு எச்சரித்த ஒருவர் ஜார்ஜ் டவுனில் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். வழக்கறிஞராகவும் பத்திரிகையாசிரியராகவும் விளங்கியவர். ஆங்கிலேயரல்லாத மக்களின் உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர். 1848ஆம் ஆண்டு தாம் நடத்திய ஆய்விதழில், மலைக்காடுகளைத் தொடர்ந்து அழிப்பதால் பினாங்கின் தட்பவெப்பத்திற்கு என்ன நேரும் என்பது குறித்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். மலைத்தொடரின் கிழக்கு முகம் முழுவதும் சில ஆண்டுகளுக்குள்ளேயே காடிழந்துவிட்டது என்று சுட்டினார். மலை உச்சிகளில் காடு நின்றால்தான் ஊற்றும் ஓடையும் வற்றாது என்றும், அந்தக் காட்டை அரசு பொதுச் சொத்தாகக் காக்க வேண்டும் என்றும் வாதிட்டார். சிங்கப்பூரில் குன்று உச்சிகளின் காட்டை அழிப்பதை ஆளுநர் தடுத்துவிட்டதையும் எடுத்துக்காட்டினார். 1869இல் லோகன் காய்ச்சலால் இறந்தார். ஜார்ஜ் டவுனில் லைட் தெரு நீதிமன்றத்தின் அருகே அவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது. அதைக் கடந்து போகும் பலருக்கு, அவர் நம் குடிநீருக்காகவும் எழுதியவர் என்பது தெரியாது.

பயிர் வைக்க நிலம் வேண்டும் என்பதற்காக மட்டும் காடு அழியவில்லை. காட்டின் பொருளுக்கே உலகில் விலை வந்தது. பால் வெட்டும் குடும்பங்களாகிய நமக்கு எளிதில் விளங்கும் சான்று ஒன்று சொல்வோம். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறோம். மரம் அடுத்த நாளும் பால் தருகிறது. தாபான் என்ற காட்டு மரத்தின் பாலை அப்படி எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி வடித்தார்கள். ஒரு முழு மரத்திலிருந்து கிடைத்தது மிகச் சிறிய அளவே. கட்டாபெர்ச்சா எனப்படும் அந்தப் பால் கடல் நீரில் கெடாது என்பதால், கடலுக்கடியில் போடும் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கம்பி போட்டார்கள். 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து நிலையான தந்தித் தொடர்பு ஏற்பட்டது. உலகம் கம்பி வழியே பேசத் தொடங்கியது. அந்தப் பேச்சுக்காக மலாய் நாட்டுக் காடுகளிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் தாபான் மரங்கள் கணக்கில்லாமல் சாய்ந்தன.

இந்த அழிவு கண்ணுக்குத் தெரிந்த பிறகே அரசு விழித்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் நத்தானியல் காண்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைச் சுற்றிப் பார்த்து 1883இல் ஓர் அறிக்கை கொடுத்தார். காடுகள் கட்டுப்பாடின்றி அழிக்கப்பட்டு வருவதை அது வெளிச்சமிட்டது. அதன்பின் காப்புக்காடுகள் எல்லை குறித்து ஒதுக்கப்பட்டன. 1884இல் பினாங்கிற்கு வந்த சார்லஸ் கர்டிஸ், அருவிக்கரையில் தாவரவியல் பூங்காவை உருவாக்கியதோடு காடுகளையும் கவனித்தார். தண்ணீர்மலைக்குப் போகும்போது நாம் பார்க்கும் அந்தப் பூங்கா அவர் கைப்பட வளர்ந்தது. லோகன் எழுதி ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழிந்த பின்னரே காடு வெட்டுவதற்கு ஒரு வேலி பிறந்தது. அன்று முதல்தான் 'அனுமதியின்றி வெட்டியது' என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. ஒரு தலைமுறை பாராட்டிய செயல் அடுத்த தலைமுறையில் தண்டனைக்குரியதாயிற்று.

இனி நம் முன்னோரிடம் வருவோம். 1800இல் கம்பெனியார் தீவுக்கு எதிரேயுள்ள கரையையும் பெற்றனர். அதுவே இன்றைய செபராங் பிறை. அங்கே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவான், நிபோங் தெபால் பகுதிகளில் கரும்பு வெட்டவும் ஆலையில் உழைக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்களைக் கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்குப் பினாங்குதான் முதல் கரை. சதுப்புக் காடும் மேட்டுக் காடும் கரும்பு நிலமாயின. ஆலைக் கொப்பரைகளுக்கு விறகு வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அந்தக் காலத்திலேயே கரும்பு போய் ரப்பர் வந்துவிட்டது.

பெருங்காட்டை வெட்டிச் சாய்க்கும் வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள் மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் ஆகியோரைக் கொண்டு செய்தனர். நெருப்பு வைத்துச் சாம்பலான பிறகு, நெடுக வாய்க்கால் வெட்டி, கன்று நட்டு, களையெடுத்துப் பால் வெட்டியது நம் மக்கள். அந்தக் களையெடுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. தொடக்கத்தில் துரைமார் ரப்பர் நிலத்தில் ஒரு புல் கூட இருக்கக்கூடாது என்றார்கள். நம் பாட்டிமார் நாளெல்லாம் குனிந்து தரையைத் துடைத்ததுபோல் சுத்தம் செய்தார்கள். மழை வந்தது, மேல்மண் முழுவதும் ஓடைக்குப் போனது. மண் போன பிறகு பாலும் குறைந்தது. பிறகே தோட்ட நிர்வாகங்கள் சரிவில் படிமேடை வெட்டவும், மண் தேங்கக் குழி தோண்டவும், கன்றுகளுக்கு இடையே கொடிப்பயிரை மூடுபயிராகப் படர விடவும் கற்றுக்கொண்டன. செம்பனைத் தோட்டத்தில் இன்றும் மறுநடவின்போது அந்தக் கொடியைப் பரப்புகிறோம். வெறும் தரை மழையைத் தாங்காது என்ற உண்மையைப் புத்தகத்தில் படிக்காமலே, மண்வெட்டி பிடித்த கையால் அறிந்தவர்கள் நாம்.

நாடு விடுதலை பெற்ற பின், 1960இல் நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலைநிலம் என்று அரசு அறிவித்த இடத்தில் குறுகிய காலப் பயிர் வைக்கக்கூடாது. அனுமதியின்றி அங்கே மரத்தை வெட்டவோ நிலத்தைத் திருத்தவோ கூடாது. இதுவே அதன் சாரம். இதற்கும் மேலாக, பினாங்கு மாநிலத் திட்டமிடல் விதிகளில் 76 மீட்டர் உயரத்திற்கு மேற்பட்ட நிலமும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் தனிக் கவனத்திற்குரியவை. காப்புக்காடுகளுக்கு 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் உண்டு. கள்ளத்தனமாக மரம் வெட்டுவோருக்கு அதன் தண்டனை போதாது என்று கண்டு, 1993இல் 500,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஓராண்டுச் சிறை என்று உயர்த்தினார்கள். 

சட்டம் இவ்வளவு கடுமையாகக் காரணம் என்ன? மரத்தின் விலைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானும் மற்றத் தொழில் நாடுகளும் வெப்பமண்டல மரத்தைப் பெருமளவில் வாங்கின. சரவாக் காட்டில் பல நூறாண்டு வளர்ந்த மரம் ஒட்டுப்பலகையாகி, ஜப்பானில் சிமெண்டு வார்க்கும் அச்சுப் பலகையாகச் சில முறை பயன்பட்டுக் குப்பைக்குப் போயிற்று. தீபகற்ப மலேசியாவிலிருந்து உருட்டு மரக்கட்டைகளை ஏற்றுமதி செய்வது 1985இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. சரவாக்கில் 1987இல் பெனான் மக்கள் மரலாரிகள் போகும் சாலையை மறித்து நின்றனர். அவர்களுக்குத் துணை நின்ற சாஹாபாட் ஆலாம் மலேசியா என்ற இயற்கைப் பாதுகாப்பு இயக்கம் பினாங்கில் 1977இல் தோன்றியதாகும். அதன் சரவாக் கிளை 1988இல் சுவீடனில் வழங்கப்படும் உரிமை வாழ்வு விருதைப் பெற்றது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் இவ்விரு இயக்கங்களையும் வழிநடத்தினார். 2019இல் மறையும் வரை அவர் மலைக்காட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

கள்ள மரம் எப்படி நல்ல மரமாக மாறுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. உரிமம் பெற்ற எல்லைக்குள் வெட்டுவதாகச் சொல்லி எல்லையைத் தாண்டி வெட்டுவார்கள். ஓரிடத்து அனுமதிச் சீட்டை வேறிடத்து மரத்திற்குக் காட்டுவார்கள். ஆலையில் நல்லதும் கள்ளமும் ஒரே குவியலில் கலக்கும். பலகையாக அறுத்த பிறகு அது எந்த மலையில் நின்ற மரம் என்று யார் சொல்ல முடியும்? நாட்டு எல்லையைக் கடந்தால் தடம் இன்னும் மறைகிறது. இந்தோனேசியா 2001இல் உருட்டு மரக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆயினும் நீரிணையைக் கடந்து கள்ள மரம் வருகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்ததால், 2002இல் மலேசியா அந்தக் கட்டைகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. வாங்கும் நாடுகளும் பிறகு பொறுப்பேற்கத் தொடங்கின. அமெரிக்கா 2008இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2013இலும் கள்ள மரத்திற்கு எதிரான சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரையும் செம்பனை எண்ணெயையும் கூட வாங்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. அதன் நடைமுறை பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. காடு எங்கே வெட்டப்பட்டது என்ற கேள்வி இவ்வாறு நம் தோட்டத்து வாசலுக்கே வந்துவிட்டது.

மரத்திற்காக வெட்டுவது ஒருபுறம். பயிருக்காக வெட்டுவது இன்னொருபுறம். இதற்குப் பினாங்கிற்கு வெளியே, நம்மவர் பலர் வாழும் கேமரன் மலையைச் சான்றாகக் காட்டலாம். தேயிலைக்குப் பெயர் பெற்ற அந்த மலையில் காய்கறிக்கும் பூவுக்கும் நல்ல விலை கிடைத்ததால், உரிமமில்லாத நிலங்களிலும் காடு வெட்டப்பட்டது. சரிவு மண் ஆற்றில் இறங்கி, ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தை நிரப்பியது. 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட வேண்டியதாகி, கீழேயுள்ள பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது; உயிர்கள் போயின. 2014 நவம்பரில் சேற்று வெள்ளம் மீண்டும் உயிர்களைப் பறித்தது. அதன்பின் கள்ளப் பண்ணைகளை அகற்றும் நடவடிக்கைகள் நடந்தன. 2019 தொடக்கத்தில் கோலா தெர்லாவில் அகற்றப்பட்ட பண்ணைகளின் சொந்தக்காரர்களுள், பல்லாண்டுகளாக அங்கே பயிரிட்டு வந்த சிறு விவசாயிகளும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். மலையை மொட்டையடிப்பது தவறு. ஆனால் பெரிய நிலத்தை வளைத்தவனையும், உரிமம் புதுப்பிக்கப்படாத ஏழை விவசாயியையும் ஒரே தராசில் நிறுத்தினால் அதுவும் நியாயமாகாது. சட்டம் பாயும் இடத்தையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பினாங்கில் நடந்தது என்ன? புக்கிட் ரெலாவ் குன்றில் அனுமதியின்றி மரங்களை அகற்றி நிலத்தை வெட்டியது 2013இல் வெளிச்சத்துக்கு வந்தது. சிவந்த மண் தொலைவிலிருந்தே தெரிந்ததால் மக்கள் அதை மொட்டைக் குன்று என்றே அழைத்தார்கள். வழக்கில் நிலத்தைத் திருத்திய நிறுவனத்திற்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 30,000 வெள்ளி. பினாங்கில் ஒரு சிறு வீட்டின் விலையோடு ஒப்பிட்டாலே அந்த அபராதத்தின் எடை விளங்கும். அபராதம் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டால், சட்டம் வேலியாக இருப்பதில்லை, சுங்கச் சாவடியாகிவிடுகிறது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கில் பெய்த மழையை யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள். 7 பேர் மாண்டனர். தீவிலும் செபராங் பிறையிலும் வீடுகள் மூழ்கின. எவ்வளவு அடர்ந்த காடும் தாங்க முடியாத மழை அது என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் மழையோடு இறங்கிய சேற்றுக்கு வானம் பொறுப்பன்று. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், அக்டோபர் 21இல், தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் சரிவு இடிந்து 11 பேர் புதைந்தனர். 2018 அக்டோபர் 19இல் புக்கிட் கூக்குஸில் சாலைப்பணி நடந்த சரிவு இடிந்து 9 பேர் மாண்டனர். இவை கட்டுமான இடங்களில் நேர்ந்தவை. காடழிப்பு வழக்குகள் அல்ல. எனினும் வெட்டப்பட்ட சரிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை இரண்டும் காட்டின. மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். நம் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கியபோது எந்த நிலையில் இருந்தாரோ, அதே நிலையில் இருந்தவர்கள். மலையை யார் விலைபேசினாலும் சரிவின் அடியில் நிற்பவர் உழைப்பாளியே.

தீவின் மலை மட்டும் நமக்குத் தண்ணீர் தருவதில்லை. இன்று பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். கெடா, பெர்லிஸ் நெல்வயல்களுக்கு நீர் தேக்கும் பெடு, மூடா அணைகளும் அங்கேதான் நிற்கின்றன. உலு மூடாவில் மரம் வெட்டுவது குறித்துப் பல ஆண்டுகளாக வாதம் நடந்துவருகிறது. அங்கே ஒரு மரம் சாய்ந்தால் அதன் விலை ஒரு மாநிலத்திற்குப் போகிறது. அதன் தாகம் இன்னொரு மாநிலத்திற்கு வருகிறது. நிபோங் தெபால் தோட்டத்து லயத்தில் குழாயைத் திறக்கும் தாய்க்கு அந்தக் காட்டின் பெயர் தெரியாமலிருக்கலாம். ஆனால் அவள் குடத்தில் நிறைவது அந்தக் காட்டு நீர்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, காடு வெட்டப் பகல் கூலி தருகிறோம் என்று யாராவது நம் இளைஞர்களை அழைத்தால், அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்கச் சொல்ல வேண்டும். வனத்துறையார் வரும்போது கையில் இயந்திர வாளோடு அகப்படுபவர் கூலிக்காரர். அனுப்பியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. இரண்டாவது, மலைச்சரிவில் திடீரெனச் செம்மண் தெரிந்தாலோ, ஓடைநீர் மழையில்லாத நாளில் கலங்கி வந்தாலோ, நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு நில அலுவலகத்திற்கோ வனத்துறைக்கோ எழுத வேண்டும். தனியாக எழுதத் தயங்கினால் தொழிற்சங்கத்தின் வழியாகவும், பயனீட்டாளர் சங்கத்தின் வழியாகவும் எழுதலாம். தமிழில் எழுதினாலும் படிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2022இல் திருத்தப்பட்ட தேசிய வனச் சட்டத்தின்படி, காப்புக்காட்டை அந்த நிலையிலிருந்து நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும். மாநிலங்கள் அதை ஏற்று நடத்தும்போது, அந்த விசாரணையில் நம் குரலும் கேட்க வேண்டும்.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. மிளகும் ஜாதிக்காயும் கைவிட்டுப் போன சரிவுகள் பலவற்றில் மரங்கள் மீண்டும் எழுந்து நிற்கின்றன. பழைய காட்டின் எல்லா இனங்களும் திரும்பவில்லை. ஆயினும் விட்டுவைத்தால் மலை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்பதற்கு அந்த மரங்கள் சாட்சி. பட்டம் கிடைத்ததால் மட்டும் காடு பிழைத்துவிடாது. லோகன் எழுதியதை அவர் காலத்தவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னவர்களுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

அடுத்த தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியேறி மேலே போனதும், பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, சுற்றியுள்ள பச்சை மலையைக் காட்டுவோம். நாம் வேண்டிக்கொள்ள வந்த இடத்திற்குத் தண்ணீர் எங்கிருந்து பெயர் கொடுத்தது என்று சொல்லுவோம். பால்குடம் சுமந்த தோளுக்கு அந்தக் கதை பாரமாகாது.